ஒன்பதாம் பிளாக்கில் செங்கல்பட்டு எம்.பி.

இந்த வாரம் 1979 கடற்கரைக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். இந்திரா காந்தியும் கலைஞரும் ஒரே மேடையில் நின்ற அந்த மாலையைச் சொல்லப்போகிறேன் என்றுதான் போன வாரம் நிறுத்தியிருந்தேன். ஆனால் அந்த மேடைக்குப் போகும் வழியில் ஒரு மனிதர் நிற்கிறார். அவரைப் பார்க்காததுபோல் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. சி. சிட்டிபாபு. 1967-லும் 1971-லும் செங்கல்பட்டு மக்களவைத் தொகுதி ஜெயிக்கவைத்து டில்லிக்கு அனுப்பிய திமுக எம்.பி. அதற்கு முன் சென்னை மேயராக இருந்தவர். விசாரணை இல்லாமல் அடைக்கிற 'மிசா' சட்டத்தில் கைதியாகப் போய், சிறைக்குள் அடிபட்டு, உடல் நலிந்து, மீளாமலே 1977 ஜனவரியில் இறந்தார். இறந்த அன்றும் அவர்தான் நம் எம்.பி.

செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் நின்று இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வயதானவர்கள் வீணை சிட்டிபாபுவைச் சொல்வார்கள். இளைஞர்களுக்கு இருவரையும் தெரியாது. கட்சிக்காரர்கள் ஜனவரியில் ஒரு நாள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அவர் கட்சிக்கு மட்டும் சொந்தமான ஆளா? ஓட்டுப் போட்டு அனுப்பிய தொகுதி தன் பிரதிநிதியை இத்தனை சுத்தமாக மறந்துபோனதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அலகாபாத் தீர்ப்பு, ஜே.பி., நள்ளிரவுக் கையெழுத்து எல்லாம் வாசகர்களுக்குத் தெரிந்த கதை. அதற்குள் போகப்போவதில்லை. தமிழ்நாட்டில் நெருக்கடி நிலை வந்த விதம் மட்டும் வேறு. 1975 ஜூன் 25 இரவிலிருந்து வடக்கே ஊர் ஊராக வாயைப் பொத்திக்கொண்டபோது இங்கே திமுக ஆட்சி நடந்துகொண்டிருந்தது. கட்சியின் செயற்குழு கூடி நெருக்கடி நிலையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. டில்லி தேடிக்கொண்டிருந்த தலைவர்கள் சிலர் இங்கே வந்து தலைமறைவாக இருந்தார்கள். ஏழு மாதம் தமிழ்நாடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இதற்காகக் கலைஞருக்குச் சேரவேண்டிய புகழில் ஒரு குன்றிமணி எடைகூட நான் குறைக்கமாட்டேன். ஆட்சி போய்விடும் என்று தெரிந்தே எதிர்த்தார். போயிற்று. 1976 ஜனவரி 31-ல் ஆட்சி கலைந்தது. ஆளுநர் கே.கே. ஷா, அவருக்கு ஆலோசகர்களாக வந்தவர்கள் பி.கே. தவேயும் ஆர்.வி. சுப்பிரமணியமும். கையோடு கைதுகள் தொடங்கின.

எம்.ஜி.ஆர். எதிர்ப்பக்கம் நின்றார். நெருக்கடி நிலையை ஆதரித்தார். மாநிலக் கட்சிகளுக்குத் தடை வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்டபோது கட்சிப் பெயருக்கு முன்னால் 'அனைத்திந்திய' என்று சேர்த்துக்கொண்டார். நான் நேசித்த மனிதர் அவர். சத்துணவுக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அந்த நாட்களில் அவர் நின்ற இடம் அவருக்குப் பெருமை சேர்க்கும் இடமல்ல. அவருடைய ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பத்திரிகைகளுக்குத் தணிக்கை. யார் யார் உள்ளே போனார்கள் என்று அச்சிட முடியாது. பிப்ரவரி 3 அண்ணாவின் நினைவு நாள். அந்த நாளையொட்டி முரசொலியில் ஒரு பட்டியல் வந்தது: அண்ணா நினைவிடத்தில் மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று. மாவட்டம் மாவட்டமாகப் பெயர்கள். தணிக்கை அதிகாரி சிவப்புப் பேனாவை வைக்க அதில் இடமே இல்லை. நினைவு நாளுக்கு வர முடியாதவர்கள், அவ்வளவுதான். படித்தவனுக்குப் புரிந்துவிட்டது. கலைஞரின் பேனா எழுதியதிலேயே கெட்டிக்காரத்தனமான பக்கம் அதுதான் என்பேன்; அவருடைய வசனங்களைவிட எனக்கு அது உசத்தி.

திருக்கழுக்குன்றத்தில் எங்கள் தெருமுனைப் படிப்பகத்துக்கு அந்தத் தாள் வந்தது. கை மாறிக் கை மாறி மடிப்பு வாட்டத்தில் கிழிந்துபோயிற்று. எனக்கு அப்போது இருபது வயது. பக்கத்துக் கடைத் தையற்காரர் பட்டியலின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். தெரிந்த பெயர் வந்தால் விரல் நிற்கும். ஒன்றும் பேசமாட்டார். கொஞ்ச நேரம் கழித்து விரல் அடுத்த பெயருக்கு நகரும். அவர் விரலில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன தோல் அந்த மலிவுத் தாளில் உரசுகிற சத்தம் கேட்டது. அந்த அளவுக்குப் படிப்பகம் அமைதியாக இருந்தது. அண்ணா பிறந்த காஞ்சிபுரமும் அப்போது செங்கல்பட்டு மாவட்டம்தான். சொந்த மாவட்டத்துக்காரர்கள் அண்ணாவுக்குப் பூ வைக்க வர முடியாமல் போன வருஷம் அது.

நாங்கள் இப்படிப் பெயர் தேடிக்கொண்டிருந்த அதே நாட்களில் சிறைக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது.

சென்னை மத்திய சிறை 1837-ல் கட்டப்பட்டது. சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ரிப்பன் மாளிகையிலிருந்தும் அப்படித்தான். மேயர் நாற்காலியில் உட்கார்ந்து நகரத்தை ஆண்ட ஒருவரை, அந்த நாற்காலி இருந்த கட்டடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கொண்டுவந்து அடைத்தார்கள். மிசாக்காரர்களுக்கு ஒதுக்கியது 9-ம் பிளாக். முன்பு தொழுநோய் கண்ட கைதிகளை வைத்திருந்த இடம் என்று உள்ளே இருந்தவர்கள் பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். முரசொலி மாறன், ஆற்காடு வீராசாமி, நீலநாராயணன், திராவிடர் கழகத்தின் கி. வீரமணி, நடிகவேள் எம்.ஆர். ராதா என்று பெரிய கூட்டம். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத 22 வயது மு.க. ஸ்டாலினும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

பிப்ரவரி 2 இரவு அடி விழுந்தது. அடித்தவர்கள் வார்டர்கள் மட்டுமல்லர். தண்டனைக் கைதிகளிலிருந்து பொறுக்கியெடுத்து அதிகாரம் கொடுத்து வைத்திருந்த 'கன்விக்ட் வார்டர்'களும் சேர்ந்துகொண்டார்கள். லத்தியும் பூட்ஸ் காலும். ஆற்காட்டாருக்குச் செவி பாதிக்கப்பட்டது. ஸ்டாலின் மேல் இறங்கிய அடிகளுக்குக் குறுக்கே சிட்டிபாபு விழுந்து தன் உடம்பில் வாங்கிக்கொண்டார் என்பதைத் திமுகவினர் இன்றும் சொல்கிறார்கள். ஸ்டாலினே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். 1969-ல் காங்கிரஸ் உடைந்து இந்திராவின் அரசு பெரும்பான்மை இழந்து தள்ளாடியபோது தாங்கிப் பிடித்தவர்களில் திமுகவின் 25 எம்.பி.க்கள் முக்கியமானவர்கள். சிட்டிபாபு அந்த இருபத்தைந்து பேரில் ஒருவர். 1971-ல் இந்திரா காங்கிரசோடு கூட்டணி வைத்துத்தான் செங்கல்பட்டில் அவர் மறுபடி ஜெயித்தார். 'மிசா' சட்டம் நிறைவேறியதும் அந்த மக்களவையில்தான், அந்த வருஷம்தான். கை கொடுத்துத் தூக்கிவிட்ட அரசாங்கத்தின் சட்டம் அவரைச் சிறைக்கு அனுப்பியது. இதை விதி என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. பிரதமரின் நாற்காலியைக் காப்பாற்றும் அவசரத்தில் ஒரு நாடு தன் சட்டங்களை எவ்வளவு அஜாக்கிரதையாக எழுதிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது.

உள்ளே அவர் டைரி எழுதினார். அது பின்னால் புத்தகமாக வந்தது. அடி வாங்கிய கையால், பேனாவும் தாளும் கிடைப்பதே கஷ்டமான இடத்தில் உட்கார்ந்து, நடந்ததைத் தேதிவாரியாகக் குறித்துவைக்கத் தோன்றியதே, அதுதான் என்னை அவரிடம் கட்டிப்போட்டது. மேடையில் வீரம் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். நாளைக்கு ஒருவர் விசாரிக்க வருவார், அன்றைக்குக் கணக்கு இருக்கவேண்டும் என்று நினைத்து எழுதுகிற மனிதருக்குச் சட்டத்தின் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்!

1977 ஜனவரியின் தொடக்கத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். ஜனவரி 18-ல் இந்திரா தேர்தலை அறிவித்தார். ஜனவரி 20-ல் சென்னை நாடக மேடை அறிந்த சினேகலதா ரெட்டி, பெங்களூர்ச் சிறையிலிருந்து பரோலில் வந்த ஐந்தே நாளில் இறந்தார். மதுரைச் சிறைக்குப் போன சாத்தூர் பாலகிருஷ்ணனும் திரும்பவில்லை. கதவு திறப்பதைப் பார்க்காமலே போனவர்கள் இவர்கள்.

மார்ச்சில் தேர்தல். அப்போது ஓட்டு வயது 21. எனக்கு அது முதல் ஓட்டு. ஜனதா அணிக்குத்தான் போட்டேன். வடக்கே இந்திராவே ரேபரேலியில் தோற்றார். தமிழ்நாட்டில் காங்கிரஸ்–அதிமுக அணிக்கு 39-ல் 34 தொகுதி. செங்கல்பட்டில் அதிமுகவின் இரா. மோகனரங்கம் ஜெயித்தார். பதவியிலிருந்த எம்.பி. சிறை அடிக்குப் பிறகு செத்து மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை. அந்தத் தொகுதி, சிறையில் போட்டவர்களின் கூட்டணிக்கு ஓட்டுப் போட்டது. அன்றைக்கு எனக்குக் கோபம் தலைக்கேறியது. இன்று நிதானமாக யோசித்தால் காரணங்கள் தெரிகின்றன. திமுக ஆட்சியின் மேல் ஊழல் புகார்கள், சர்க்காரியா கமிஷன், எம்.ஜி.ஆரின் முகம், விலைவாசி கட்டுக்குள் இருந்தது என்ற எண்ணம், ஆபீசில் ஆள் நேரத்துக்கு வந்தான் என்ற திருப்தி. வடக்கே நடந்த கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடு அந்த அளவில் இங்கே நடக்கவில்லை. தணிக்கையால் சிறைக்குள் நடந்தது வெளியே தெரியவில்லை. தெரியாத குற்றத்துக்கு ஜனங்கள் எப்படித் தண்டனை கொடுப்பார்கள்?

தெரியவைத்தவர் ஒரு நீதிபதி. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இப்படிப்பட்டவர்களைப் பற்றி யாரும் சீரியல் எடுக்கப்போவதில்லை.

நீதிபதி மு.மு. இஸ்மாயில் நாகூர்க்காரர். தொழுகை தவறாத முஸ்லிம், கம்பனில் ஊறியவர். சென்னைக் கம்பன் கழகத்தை நிறுவித் தலைமை ஏற்று நடத்தியவர். மயிலாப்பூர்ச் சபைகளில் பட்டு அங்கவஸ்திரக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு இஸ்மாயில் ராமகாதை சொல்லக் கேட்ட தமிழ்நாடு நம்முடையது. வாலி வதத்தை எடுத்துக்கொண்டு 'மூன்று வினாக்கள்' என்று ஒரு நூலே எழுதினார். மறைந்து நின்று அம்பு விட்டது தர்மமா என்ற பழைய வழக்கை, நீதிமன்றத்தில் கட்டு விரிக்கிற பொறுமையோடு எடுத்துப் பார்க்கிற நூல். அடிபட்டு மண்ணில் கிடக்கிற வாலி, அம்பு எய்தவனைப் பார்த்து நேருக்கு நேர் கேள்வி கேட்கிறான்; கம்பன் அவனைக் கேட்கவிடுகிறான். தெய்வமே ஆனாலும் பதில் சொல்லியாகவேண்டும். இந்தக் கட்டத்தில் வருஷக்கணக்காகத் தோய்ந்துகிடந்த மனம், 9-ம் பிளாக் விசாரணைக்குத் தற்செயலாக வாய்த்ததா, யாராவது அறிந்துதான் தேர்ந்தெடுத்தார்களா, எப்படியானாலும் தமிழ்நாட்டுக்கு நல்லதே நடந்தது.

1977-ல் அவர் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. மிசா கைதிகள் வந்து சொன்னார்கள். சிறை அதிகாரிகளும் சொன்னார்கள். சிட்டிபாபு வர முடியாது. அவர் டைரி வந்தது. அந்த இரவில் கைதிகள் தாக்கப்பட்டது உண்மை என்று இஸ்மாயில் எழுதினார். சிறைத் தரப்பின் சமாதானங்களை ஏற்கவில்லை. அதிகாரம் கையில் இருந்தபோது இருட்டில் நடந்ததை, ஒரு நீதிபதி பகலில் உட்கார்ந்து, யார் எங்கே நின்றார், யார் எதைக் கையில் வைத்திருந்தார் என்று கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். தமிழ்நாட்டில் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ விசாரணை ஆணையங்கள் வந்தன. பெரும்பாலானவை ஒரு கட்சி இன்னொரு கட்சியை அடிக்க எடுத்த கம்பு. இது அந்தக் கணக்கில் சேராது.

பிறகு இஸ்மாயில் 1979-ல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனார். 1980-ல் சில நாட்கள் தற்காலிக ஆளுநராகவும் இருந்தார். கே.கே. ஷா உட்கார்ந்திருந்த அதே ராஜ்பவன்! 1981-ல் டில்லி அவரைக் கேரள உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. டில்லியில் அப்போது மறுபடி இந்திரா ஆட்சி. தலைமை நீதிபதிகளைத் தாயம் உருட்டிய காய்களாக நகர்த்திய காலம். இஸ்மாயில் கேரளம் போகவில்லை. பதவியை விட்டுவிட்டுக் கம்பனிடம் திரும்பினார். 2005-ல் காலமாகும் வரை அவர் மேடையேறிப் பேசியதெல்லாம் தமிழும் கம்பனும்தான். எனக்கு இந்தக் கதையில் நாயகன் யார் என்று கேட்டால் தயங்காமல் இவரைச் சொல்வேன். சிட்டிபாபு தியாகி. இஸ்மாயில் அந்தத் தியாகத்துக்கு ரசீது கொடுத்தவர்.

இன்னொரு பெயரையும் விட முடியாது: இரா. செழியன். நாவலரின் தம்பி, நாடாளுமன்றத்தை விரல் நுனியில் வைத்திருந்தவர். நாடு முழுக்க நடந்த அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் அறிக்கை, 1980-ல் இந்திரா திரும்பி வந்த பிறகு கண்ணில் படாமலே போயிற்று. செழியன் தன்னிடம் இருந்த பிரதியைப் பத்திரமாக வைத்திருந்து 2010-ல் மறுபடி அச்சேற்றினார். முப்பது வருஷம் ஒரு அறிக்கையை வீட்டில் காப்பாற்றிய மனிதர். இவர்களைப் போன்றவர்களால்தான் எழுத நமக்கு ஏதோ மிச்சமிருக்கிறது.

சிறை 2006-ல் புழலுக்குப் போய்விட்டது. பழைய கட்டடத்தை 2009-ல் இடிப்பதற்கு முன் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். நானும் போனேன். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கூட்டம். கம்பிக்குப் பின்னால் போய் நின்று சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சுவரில் சுண்ணாம்பு அடுக்கடுக்காக உரிந்து கிடந்தது. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒவ்வொரு நிறம். 9-ம் பிளாக் எது என்று காவலுக்கு நின்றவரிடம் கேட்டேன். கையைக் காட்டிவிட்டு, "அங்கே என்ன சார் விசேஷம்?" என்றார். அன்றைக்கு நடந்ததும் திமுக ஆட்சிதான். அந்த இடத்தில் இன்று சென்னை மருத்துவக் கல்லூரியின் கட்டடம் நிற்கிறது. கல்லூரி வேண்டியதுதான், மறுப்பில்லை. ஒரே ஒரு செல்லை விட்டுவைத்து, சிட்டிபாபு பெயரை எழுதியிருக்கலாம்.

இனி 1978-க்கு வருகிறேன். அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் இந்திரா தமிழ்நாட்டுக்கு வந்தபோது திமுக கறுப்புக்கொடி பிடித்தது. மதுரையில் அவர் மேல் கல் விழுந்தது. காருக்குள் அவர்மேல் கவிழ்ந்து காப்பாற்றியவர் பழ. நெடுமாறன். அதற்கு மறு வருஷமே "நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக" என்று கலைஞர் வரவேற்றார். 1980 ஜனவரியில் தேர்தல். திமுக–இந்திரா காங்கிரஸ் அணிக்கு 39-ல் 37. செங்கல்பட்டில் ஜெயித்தவர் இந்திரா காங்கிரசின் இரா. அன்பரசு. சிட்டிபாபுவின் மூன்றாம் ஆண்டு நினைவு நாள் வந்த அதே ஜனவரி.

மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரக் குப்பங்களில் சுவரெல்லாம் கை சின்னம். எழுதியவர்கள் உதயசூரியன் எழுதிப் பழகிய அதே ஆட்கள். குப்பத்துக் கிளைச் செயலாளர் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். முரசொலியிலிருந்து வெட்டிய சிட்டிபாபு படத்தைச் சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டி வைத்திருந்தவர். மிசா காலத்தில் போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனபோதும் கழற்றாதவர். அந்த ஜனவரியில் கட்டுமரங்களுக்கு நடுவே பக்கெட்டில் சாயம் கரைத்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே, "தலைவர் சொல்லிட்டாரு தம்பி. அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப்போவுது" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பக்கெட்டைப் பார்த்துச் சொன்னார்.

இப்படிப்பட்ட மறதியை வேறொரு நாட்டிலும் பார்க்கலாம். பிலிப்பைன்ஸ் நாட்டில் மார்க்கோஸ் 1972-ல் ராணுவச் சட்டம் கொண்டுவந்து எதிர்த்தவர்களை உள்ளே தள்ளினார். 1983-ல் எதிர்க்கட்சித் தலைவர் அக்கினோவை மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொன்றார்கள். 1986 பிப்ரவரியில் லட்சக்கணக்கில் ஜனங்கள் தெருவுக்கு வந்து மார்க்கோஸை விரட்டினார்கள். உலகமே கை தட்டியது. 2022-ல் அந்த மார்க்கோஸின் மகன் மூன்று கோடி ஓட்டுக்கு மேல் வாங்கி ஜனாதிபதி ஆனார். அன்று தெருவில் நின்றவர்கள் இன்று கிழவர்களாகி, பேரப்பிள்ளைகளிடம் அந்த நாட்களைச் சொன்னால் அவர்கள் நம்பவில்லை என்று வருந்துகிறார்கள். அவர்களுடைய வருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் அங்கே அதற்கு 36 ஆண்டு பிடித்தது. இங்கே மூன்றே ஆண்டு. அங்கே மறந்தவர்கள் அடுத்த தலைமுறை. இங்கே அடி வாங்கியவர்களே மறந்தார்கள்.

மன்னிப்பது பெருந்தன்மைதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மன்னிக்கிற உரிமை சிட்டிபாபுவின் வீட்டுக்கு உண்டு. செங்கல்பட்டு வாக்காளருக்கும் கொஞ்சம் உண்டு. கூட்டணிப் பேச்சுக்கு உட்கார்ந்த யாருக்கும் அந்த உரிமை இல்லை. கட்சிக்கு வேண்டியது ஆட்சி. அதற்குத் தடையாக ஒரு பிணம் நின்றது. ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டார்கள். நகர்த்தியவர்களில் நான் மதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கசப்பு ஆறமாட்டேன் என்கிறது.

ஓரமாக நகர்த்தியதன் பலன் பின்னால் தெரிந்தது. 'மிசா' 1978-ல் ரத்தானது. விசாரணை இல்லாமல் ஆளை உள்ளே வைக்கிற ருசி மட்டும் போகவில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி குண்டர் சட்டம் கொண்டுவந்தது. பின்னால் வந்த எந்த ஆட்சியும் அதைக் கீழே வைக்கவில்லை. 2002-ல் 'பொடா' சட்டத்துக்கு வைகோவின் கட்சி நாடாளுமன்றத்தில் ஆதரவு கொடுத்தது. வைகோ மிசாவைப் பார்த்தவர். அதே வருஷம் ஜூலையில் ஜெயலலிதா அரசு அவரைப் பொடாவில் பிடித்து வேலூர்ச் சிறையில் போட்டது. ஆகஸ்டில் நெடுமாறனையும் போட்டது. மதுரையில் இந்திராவுக்குக் கல்லடி படாமல் காத்த அதே நெடுமாறன்!

நம் ஊருக்கே வருவோம். செங்கல்பட்டில் 'சிறப்பு முகாம்' என்று ஒன்று பல வருஷம் நடந்தது. முகாம் என்பது பெயருக்குத்தான், கட்டடம் சிறைக்கட்டடம். 1990-ல் தொடங்கிய இந்த ஏற்பாடு, ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்புக்குப் பிறகு இறுகியது. ஈழத் தமிழர்களை வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் ஓர் அரசாணையில் உள்ளே வைக்க முடிந்தது. நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தாலும் வாசலிலேயே பிடித்து இங்கே கொண்டுவர முடிந்தது. எத்தனை நாள் என்ற கணக்கு இருக்கவில்லை. உண்ணாவிரதம் இருந்து இருந்து ஓய்ந்தார்கள். 2010-ல் அங்கே போலீஸ் புகுந்து தடியடி நடத்தியதாக மனித உரிமை அமைப்புகள் குற்றம்சாட்டின. திமுக, அதிமுக இரண்டு ஆட்சியிலும் முகாம் நடந்தது. சிட்டிபாபுவின் தொகுதியில், தமிழனைத் தமிழன் விசாரணை இல்லாமல் பூட்டி வைத்தான். மேடை மேடையாக மிசா கொடுமை பேசியவர்கள் அந்த வாசல் வழியாகத்தான் காரில் போய்வந்தார்கள்.

லாக்கப் சாவுகளும் நிற்கவில்லை. 2020-ல் சாத்தான்குளம். 2025-ல் திருப்புவனம். திருப்புவனத்தில் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் அடியில் இறந்தபோது முதலமைச்சராக இருந்தவர் ஸ்டாலின். அந்தக் குடும்பத்தோடு போனில் பேசி மன்னிப்புக் கேட்டார். பிப்ரவரி 2 இரவை உடம்பில் அறிந்தவர் அவர். அந்த வார்த்தை உள்ளிருந்துதான் வந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் லாக்கப்பில் அடிக்கிற கை, மன்னிப்புக் கேட்பதால் நிற்காது. 9-ம் பிளாக்கில் அடித்தவர்கள், அடிக்கச் சொன்னவர்கள் அத்தனை பேரையும் அன்றைக்கே கடைசிவரை விரட்டித் தண்டனை வாங்கிக் கொடுத்திருந்தால், அடுத்த தலைமுறைக் காவலருக்குக் கொஞ்சம் பயம் இருந்திருக்கும். அந்த வேலையைச் செய்ய வேண்டிய நேரத்தில் கூட்டணி பேசிக்கொண்டிருந்தோம்.

2009 தேர்தலிலிருந்து செங்கல்பட்டு என்ற மக்களவைத் தொகுதியே கிடையாது. தொகுதிச் சீரமைப்பில் காஞ்சிபுரத்தோடு போய்விட்டது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. ஆட்சியர் அலுவலகம் வந்தது. அந்தப் புதிய மாவட்டத்தை நடத்துகிறவர்களுக்கும், எந்தக் கட்சியானாலும் சரி, இந்தப் பக்கத்து எம்.எல்.ஏ.க்களுக்கும் ஒரு வேண்டுகோள். இஸ்மாயில் ஆணைய அறிக்கையையும் சிட்டிபாபுவின் டைரியையும் ஒரே நூலாக, தமிழில், மலிவு விலையில் அச்சிட்டு மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், செங்கல்பட்டு நூலகங்களில் வையுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் கையில் எடுக்கிற மாதிரி வையுங்கள். 1967, 1971 தேர்தல்களில் சிட்டிபாபுவுக்காக வேலை பார்த்தவர்கள், அவருடைய கடிதமோ நோட்டீஸோ படமோ வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியில் இன்னும் சிலர் இருக்கக்கூடும். பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன்.

கடற்கரைக் கூட்டம் அடுத்த இதழில்.